பழைய நான்கு சக்கர இயக்க வண்டி முரண்டு பிடித்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பழைய நான்கு சக்கர இயக்க வண்டி தானாகக் கெடுவதைவிட நாம் கெடுப்பதே அதிகம். பெரிய டயர், உயரமான ஸ்பிரிங், வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி), கூடுதல் விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். ஒவ்வொன்றும் வேறெங்கோ ஒரு கோணத்தையோ அழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ மாற்றிவிடுகிறது. வலி தெரிவது ஓரிடம், நோய் இருப்பது வேறிடம். ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: கடைசியாக எதில் கைவைத்தோம்?

அடுத்த கேள்வி: கோளாறு எதோடு சேர்ந்து வருகிறது? வண்டியின் வேகத்தோடா, இஞ்சின் சுற்றோடா, பாரத்தோடா, சரிவோடா? 60 கி.மீ. வேகத்தில் வண்டி அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் கிளட்ச்சை மிதித்து இஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் இஞ்சின், அதன் மவுண்ட், கிளட்ச் மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் பாதி வேலை முடிந்தது.

அடியில் படுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளிலும் பழைய ஜீப்புகள் பலவற்றிலும் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், அச்சுக்குப் போகும் சுழல்தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிய நொடியில், டிஃபரன்ஷியல் (ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) வழியாக அந்தச் சக்கரம் சுற்ற, தரையில் இருக்கும் மற்றது உருளத் தொடங்கும். அந்த ஷாஃப்ட்டைக் கழற்றினால் கைப்பிரேக்கே இல்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல், ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள்.

ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் வெறிபிடித்தது போல் ஆடுகிறது

திட அச்சு (இரு சக்கரங்களையும் ஒரே இரும்புக் கூடாக இணைக்கும் அச்சு) உள்ள வண்டிகளுக்கே உரிய நோய் இது. 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும்; கையால் பிடித்து நிறுத்த முடியாது. ஓட்டுபவர்கள் இதை மரண ஆட்டம் என்பது மிகையில்லை. வந்துவிட்டால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விட்டு, வேகத்தைச் சீராகக் குறையுங்கள். குறைந்ததும் தானே அடங்கும்.

தேடும்போது செலவே இல்லாததிலிருந்து தொடங்க வேண்டும். சேற்றில் ஓடி வந்த மறுநாள் ஆட்டம் வந்தால், சக்கர ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். ஒரு கைப்பிடிச் சேறு அங்கே காய்ந்து ஒட்டியிருந்தால் போதும், டயரின் சமநிலை போய்விடும். தண்ணீர் அடித்துக் கழுவியதிலேயே குணமான வண்டிகள் உண்டு. பிறகு காற்றழுத்தம், டயர் பேலன்ஸ்.

அதிலும் போகவில்லை என்றால் முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஒரு சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து உள்ளும் புறமுமாக அசையுங்கள். ஆட்டம் தெரிகிறதா? இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங் தளர்ந்திருக்கிறது. பிரேக் மிதித்தும் ஆட்டம் இருந்தால் கிங்பின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எதன்மேல் திரும்புகிறதோ அந்த முளை) அல்லது அந்த இடத்து பேரிங் தேய்ந்திருக்கிறது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சக்கர பேரிங்கை மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லையே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கிங்பின் இடத்தில் பேரிங் உள்ள வண்டிகளில், ஷிம் தகடுகளைக் குறைத்துச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவரலாம். அந்த இறுக்கத்தை ஸ்பிரிங் தராசால் இழுத்து அளக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு அதன் பணிமனைக் கையேட்டில் இருக்கும்.

அடுத்து வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கால் சுற்று திருப்பிக்கொண்டே இருக்க, நீங்கள் அடியில், ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு டை ராட் முனையையும் டிராக் லிங்க்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் இஞ்சின் ஓட வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கட்டைகளை ஒருமுறை சரிபாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். காயில் ஸ்பிரிங் வண்டியில் அச்சைக் குறுக்காகப் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் இரு முனைகளையும் விட்டுவிடாதீர்கள். அதன் போல்ட் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் புஷ் மாற்றியும் பயன் இல்லை.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஆடுகிறது, வண்டியையும் சமீபத்தில் உயர்த்தியிருக்கிறோம் என்றால், காஸ்டர் கோணம் போயிருக்கிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சு, உச்சியில் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் நேராக ஓட விரும்புகிறது. லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளுக்குத் தொழிற்சாலை வைத்த சாய்வே 3 டிகிரிதான். அதில் 2 டிகிரி போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அச்சைச் சட்டத்தோடு பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் உள்ள காயில் ஸ்பிரிங் வண்டியை உயர்த்தினால் முன் அச்சு முன்பக்கமாக உருண்டு காஸ்டர் குறையும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் அசையும் தகடு) எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருந்தால், நீளமான ஷேக்கிள் போட்டதும் காஸ்டர் குறைகிறது. பின்முனையில் இருந்தால் காஸ்டர் கூடும், ஆனால் முன் டிஃபரன்ஷியலின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் சிறிய பல்சக்கரம்) கீழ்நோக்கித் திரும்பி, ஷாஃப்ட் முனையில் மடங்கிக் கொடுக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட்டுக்குத் துன்பம் தரும். நீளமான ஷேக்கிள் மலிவான வழிதான். ஆனால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒருமுறை நானே போட்டு, ஒரு மாதம் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, பழைய ஷேக்கிளையே திருப்பி மாட்டியவன் நான். தீர்வு: பட்டைக்கும் அச்சுக்கும் இடையே சாய்வான ஆப்புத் தகடு, அல்லது காயில் வண்டிக்குக் காஸ்டர் திருத்தும் புஷ் அல்லது ஆர்ம்.

புதிய ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங்கின் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்)? கடைசியில். அது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போன்றது. நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

வண்டியை உயர்த்திய பிறகு தளத்தில் ஒரு ரீங்கார அதிர்வு

டயர் அதிர்வும் ஷாஃப்ட் அதிர்வும் ஒன்றல்ல. டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்றால் சக்கரம் ஒருமுறை சுற்றும்போது ஷாஃப்ட் நான்குமுறை சுற்றும். ஆகவே டயரின் குறை மெதுவான உதறலாகவும், ஷாஃப்ட்டின் குறை வேகமான ரீங்காரமாகவும் இருக்கையில் தெரியும்.

முன் ஷாஃப்ட்டா, பின் ஷாஃப்ட்டா? ஹப் லாக் (முன்சக்கரங்களை அச்சுத்தண்டோடு பூட்டவும் விடுவிக்கவும் செய்யும் அமைப்பு) உள்ள வண்டியில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. லிவரை 2 ஹையில் (பின்சக்கர இயக்கம் மட்டும்) வைத்து, ஹப்புகளை விடுவித்து ஓட்டுங்கள். இப்போது முன் ஷாஃப்ட் சுற்றாது. அதிர்வு போய்விட்டால் குற்றவாளி முன்னால். அப்படியே இருந்தால் பின்னால்.

குற்றவாளி கிடைத்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். யுனிவர்சல் ஜாயிண்ட்டின் கிராஸ் (சிலுவை வடிவ நடுத்துண்டு) தளர்ந்திருக்கிறதா, கையால் முறுக்கிப் பார்த்தால் தெரியும். துருப்பொடி செம்மண் நிறத்தில் கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, முடிந்துவிட்டது. அடுத்து, ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வரிசையில் நிற்கின்றனவா? நடுவில் சறுக்கும் ஸ்பிளைனை (நீளவாக்கில் பல் வெட்டிய இணைப்பு) கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் வரிசை தவறி அதிர்வு வரும். கழற்றும் முன் இரு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடம்தான் எல்லாப் பட்டறைகளிலும் மிச்சம் பிடிக்கப்படுகிறது.

மூன்றாவது, கோணம். இரு முனைகளிலும் ஒற்றை ஜாயிண்ட் உள்ள சாதாரண ஷாஃப்ட்டில், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியேறும் ஃபிளாஞ்சும் பினியனின் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு ஜாயிண்ட் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சமன் செய்யும். கைபேசியில் உள்ள சாய்வுமானியை இரு ஃபிளாஞ்சுகளிலும் வைத்து அளந்தாலே போதும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயிண்ட் போட்டிருந்தால் கணக்கு மாறும்: பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து, அந்தக் கோட்டிலிருந்து ஓரிரு டிகிரி மட்டும் தாழ்ந்திருக்க வேண்டும். பாரத்தில் அது தானாக மேலே எழும்.

உயர்த்திய வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அச்சு முழுவதும் கீழே தொங்கும்போது ஸ்பிளைன் எவ்வளவு உள்ளே மிஞ்சுகிறது? சட்டத்தைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மேடு பள்ளத்தில் ஷாஃப்ட் இரண்டாகக் கழன்று விழுந்தால் வண்டி அங்கேயே நிற்கும். விழும் ஷாஃப்ட் பிரேக் குழாயையும் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம்.

கிளட்ச்சை விடும்போது 'டொக்'

கிராஸ், காய்ந்த ஸ்பிளைன், டிஃபரன்ஷியல் பல் இடைவெளி என்று வரிசையாகச் சொல்வார்கள். அவற்றுக்கு முன் ஸ்பிரிங் பட்டையின் யு போல்ட்டுகளைப் பாருங்கள். புதிய பட்டை போட்டால் அது ஓட ஓட அமர்ந்து கொடுக்கும், யு போல்ட் தளரும். முதல் காட்டுப்பாதை ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை, அடுத்த சில நூறு கி.மீ. கழித்து ஒருமுறை இறுக்க வேண்டும். தளர்ந்த யு போல்ட்டுடன் ஓட்டினால் பட்டைகளை ஊடுருவிப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்துவிடும். அப்போது பின்னால் வருபவர் சொல்வார், உங்கள் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறது என்று. கழற்றிய யு போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள். ஒருமுறை இழுபட்டது அது. இன்னொருமுறை நம்ப முடியாது.

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியபடி நான்கு சக்கரத்தில் நகரும்போது மட்டும் 'டக் டக்' என்றால் அது வேறு கதை. முன் அச்சு முனையில், சக்கரம் திரும்பியிருந்தாலும் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. பெரிய டயர், லோ கியர், முழு வளைவு மூன்றும் சேரும்போதுதான் அது உடையும். அந்தச் சத்தத்தோடு மலையேறப் போக வேண்டாம்.

நான்கு சக்கர லிவர் இறங்கவில்லை, அல்லது விடமாட்டேன் என்கிறது

பகுதிநேர நான்கு சக்கர இயக்கத்தில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. 4 ஹையில் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் ஓட வேண்டியிருக்கிறது. மண்ணில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் சறுக்க இடம் இல்லாததால் ஷாஃப்ட்டுகள் கயிறு போல முறுக்கேறி லிவரை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. லிவரை உதைப்பதால் உள்ளே பல்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க்தான் வளையும். நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டுங்கள், முறுக்கு அவிழ்ந்து லிவர் தானே வரும். தேய்ந்த டயர் முன்னும் புதிய டயர் பின்னுமாகப் போட்டவர்களுக்கு நேர்ப்பாதையிலும் இதே தொல்லை வரும்.

1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் போன்ற நிரந்தர நான்கு சக்கர இயக்க வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் உண்டு. அதைப் பூட்டி மறந்து தார்ச்சாலைக்கு வந்தாலும் இதே கதைதான்.

மாதக்கணக்கில் பயன்படுத்தாத லிவரில் இணைப்புக் கம்பிகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். மண்பாதையில் மாதம் ஒருமுறை போட்டு ஓட்டினாலே இது வராது. சட்டத்திலிருந்து உடலை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட் போட்டவர்கள், லிவர் தளத்தின் விளிம்பில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல் முழுதாக விழாமல் அரைகுறையாக நிற்கும். இறக்கத்தில் லோ கியர் திடீரென்று கழன்றுவிடும். இஞ்சின் பிடிப்பை நம்பி இறங்குபவருக்கு அதைவிட மோசமான நேரம் இல்லை. இடிக்கவில்லை, ஆனாலும் கழல்கிறது என்றால் உள்ளே உள்ள பந்து ஸ்பிரிங்கோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது.

லிவர் விழுந்தது, ஆனால் முன்சக்கரம் இழுக்கவில்லையா? பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து முன் அச்சின் இரு சக்கரங்களையும் தூக்குங்கள். 4 ஹையில் போட்டு ஹப்புகளைப் பூட்டி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரம் தலைகீழாகச் சுற்ற வேண்டும். அது அசையாமல் நீங்கள் சுற்றும் சக்கரம் மட்டும் சுலபமாகச் சுற்றினால், இரண்டில் ஒரு ஹப் பூட்டவில்லை, அல்லது ஒரு பக்க அச்சுத்தண்டு உடைந்திருக்கிறது. ஒரு ஹப் மட்டும் பழுதானாலும் முன் அச்சு முழுவதும் வேலைநிறுத்தம் செய்யும்.

சோதனையில் தேறிய வண்டி, குறுக்குவாட்டுப் பள்ளத்தில் ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் மட்டும் சுற்ற நின்றுவிட்டால், அது கோளாறே அல்ல. பூட்டு இல்லாத டிஃபரன்ஷியல் அப்படித்தான்.

சீல் மாற்ற மாற்ற ஆயில் ஒழுகுகிறது

பின் பினியன் சீலை நான் இரண்டுமுறை மாற்றினேன். மூன்றாவதுமுறை ஒரு பட்டறையில் மாற்றினார்கள். நல்ல சீல் போட்டிருக்கிறோம் என்றார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி சொட்டியது. கடைசியில், அச்சின் மேல் ஒரு நகக்கண் அளவுக்குச் சேறு அடைத்திருந்த சுவாசக் குழாய்தான் காரணம் என்று தெரிந்தது. ஓடும்போது அச்சு சூடாகி உள்ளே காற்று விரிகிறது. வெளியேற வழி இல்லாததால் அழுத்தம் சீலின் உதட்டைத் தள்ளி ஆயிலை வெளியே தள்ளுகிறது. கம்பியால் குத்தி அடைப்பை எடுத்ததும் பழைய சீலே சில காலம் ஒழுகாமல் ஓடியது.

இதே குழாய் ஆற்றைக் கடக்கும்போது எதிர்த்திசையில் பழிவாங்கும். சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவோ சுவாசத் துளை வழியாகவோ நீரை உறிஞ்சும். அச்சுகள், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றின் சுவாசத் துளைகளிலிருந்தும் ரப்பர் குழாய் எடுத்து இஞ்சின் அறையின் மேல்மட்டத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். ஒரு பழைய வண்டிக்குச் செய்யும் மாற்றங்களில் இதைவிட மலிவானதும் பயன் தருவதும் வேறு எதையும் நான் அறியேன். அச்சு மேலும் கீழும் போகும் அளவுக்குக் குழாயில் தளர்வு விட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நீர் புகுந்ததா என்று அறிய, வண்டியை ஓர் இரவு நிறுத்திவையுங்கள். காலையில் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தினால், தனியாக நிற்கும் நீர் முதலில் சொட்டும். ஓட்டிய பிறகு பார்த்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். வெளுத்த ஆயிலை ஒருமுறை மாற்றினால் போதாது. புதிதாக ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள்.

லேண்ட் குரூசர் போன்ற வண்டிகளில் முன்சக்கரத்தின் உட்புற உருண்டையிலிருந்து கறுப்பாக, கஞ்சி போல் ஏதாவது வழிந்தால் வெளிச் சீலைக் குறை சொல்ல வேண்டாம். அச்சுக்குள் இருக்கும் உட்சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் அங்குள்ள கிரீஸில் கலந்துவிட்டது. முழுதாகப் பிரித்துக் கழுவி, புதிய கிரீஸ் வைத்துத்தான் ஆக வேண்டும். சுருக்குவழி இல்லை.

இஞ்சின் சூடேறுகிறது

எப்போது? லோ கியரில் ஊர்ந்தால் மட்டும் சூடேறி, சாலையில் ஓடியதும் இறங்கினால் காற்று போதவில்லை. சாலையில் வேகமாகப் போனால் மட்டும் ஏறினால் நீரோட்டம் போதவில்லை. இந்த ஒரு பிரிவிலேயே தேடல் பாதியாகிவிடும்.

காற்றுக் குறை: ரேடியேட்டர் இதழ்களில் சேறு. முன்னாலிருந்து வேகமாக நீர் அடித்தால் சேறு இன்னும் உள்ளே போகும், இதழ்களும் மடங்கும். மெல்லிய நீர்வீச்சில், இஞ்சின் பக்கமிருந்து வெளியே நோக்கிக் கழுவுங்கள். ஏசி கண்டென்ஸர் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு புல்வெளியே வளர்ந்திருக்கும். விஸ்கஸ் விசிறியை (சூடேறும்போது திரவப் பிடிப்பால் இறுகிச் சுற்றும் விசிறி) சோதிக்க, இஞ்சின் நன்கு சூடானதும் நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றுங்கள். பிடித்துக்கொண்டு நின்றால் சரி. காற்றாடி போல் பல சுற்று ஓடினால் அது செத்துவிட்டது. வின்ச், வரிசை விளக்குகள் என்று கிரில்லை மூடியவர்கள் அவற்றை ஒருநாள் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

நீர்க் குறை: உள்ளே அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், இஞ்சின் சுற்று ஏறும்போது உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது பழைய பட்டறை வைத்தியம். குளிர்ந்த இஞ்சின் சீக்கிரம் தேயும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ரேடியேட்டர் மூடியையும் ஐயப்படுங்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையைச் சுமார் 118 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்துகிறது. ரப்பர் வெடித்த மூடி அந்த 18 டிகிரியைப் பறித்துக்கொள்ளும். சூடான நிலையில் அதைத் திறக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

குலுங்கிய பாதையிலோ ஏற்றத்திலோ இஞ்சின் மூச்சடைத்து நிற்கிறது

நின்றதும் எரிபொருள் தொட்டியின் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு இஞ்சின் நன்றாக ஓடினால் தொட்டியின் காற்றுவழி அடைத்திருக்கிறது. அப்படி இல்லாமல், பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகி மறுபடி நிற்கிறது என்றால், பழைய தொட்டியின் துரு குலுங்கி எழுந்து உறிஞ்சு குழாயை மூடுகிறது. நிறுத்தினால் அது கீழே படிந்துவிடும். ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒருநாள் தொட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஏற்றத்தில் மட்டும் நின்றால், டீசல் வண்டியில் தொட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவே எங்கோ காற்று இழுக்கிறது. ஃபில்டருக்குப் பின் உள்ளே பார்க்க முடிகிற ஒரு சிறு துண்டு பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழிகள் காட்டிக்கொடுக்கும். கார்புரேட்டர் வண்டியில் மிதவை சாய்வைத் தாங்காமல் பெட்ரோல் மிகையாகவோ குறையாகவோ போகும்.

ஆற்றின் நடுவில் இஞ்சின் தானாக நின்றுவிட்டது

சாவியைத் தொடாதீர்கள். உள்ளே நீர் போயிருந்தால், அந்த ஒரு செல்ஃப் அடியில் இஞ்சின் முடிந்துவிடும். பழைய டீசல் இஞ்சின் காற்றை 20-இல் ஒரு பங்குக்கு அருகே அழுத்துகிறது. நீர் அழுங்காது, அதனால் வளைவது கனெக்டிங் ராட்.

வண்டியை இழுத்துக் கரை சேருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்தீர்கள்; மின்சாரத்திலோ எரிபொருளிலோ தேடலாம். ஈரமாக இருந்தால், டீசலில் குளோ பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ, பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகளையோ கழற்றுங்கள். பெட்ரோல் வண்டியில் பற்றவைப்பு இணைப்பையும், டீசலில் எரிபொருள் வரத்தையும் துண்டித்துவிடுங்கள். ஆட்கள் துளைகளுக்கு நேரே நிற்காமல், இப்போது செல்ஃப் அடித்தால் நீர் பீய்ச்சி வெளியேறும். இஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தாலோ நிறம் வெளுத்திருந்தாலோ ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சிலிண்டர் மட்டும் கம்ப்ரெஷன் குறைவாகக் காட்டினால் ராட் வளைந்து விட்டது என்று கொள்ளலாம்.

ஸ்நார்க்கெல் (இஞ்சினுக்கான காற்றைக் கூரை மட்டத்திலிருந்து எடுக்கும் குழாய்) போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு: ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் தூசி வடியும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். அது கிழிந்திருந்தால் தலைக்கு மேல் உள்ள குழாய் வெறும் அலங்காரம்.

பிரேக்

பெடல் ஆழமாகப் போய், இரண்டுமுறை மிதித்தால் மேலே வருகிறதா? டிரம் ஷூக்களைச் சரிசெய்யும் வேலை. பஞ்சு போல் மெத்தென்று இருக்கிறதா? குழாயில் காற்று. காலை அழுத்தி வைத்திருக்க மெல்ல மெல்ல இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டர். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு மட்டும் மெத்தென்று ஆகி, ஆறியதும் சரியாகிறதா? பிரேக் திரவம் கொதித்திருக்கிறது. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140-க்கு இறங்கலாம். டாட் 4-க்கு இவை 230, 155. அளவு குறையாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதன் காரணம் இதுதான்.

வண்டியை உயர்த்திய பிறகு பின்பிரேக் வலுவிழந்தது போல் தோன்றினால், பின் அச்சோடு கம்பியால் இணைந்த பார உணர் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். உடல் உயர்ந்திருப்பதைப் பார்த்து, வண்டி காலியாக இருக்கிறது என்று அது முடிவு செய்து பின்பிரேக்கைக் குறைக்கிறது. இணைப்பின் நீளத்தைத் திருத்த வேண்டும். அச்சு முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி போல விறைத்தால் நீளமான ஹோஸ் போடாமல் ஓட்டாதீர்கள்.

செல்ஃப் சோம்பேறியாகச் சுற்றுகிறது

பேட்டரியை வாங்கிவிடும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். நிறுத்திவைத்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். விழாமல் நின்றும் மெதுவாகச் சுற்றினால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை இஞ்சின் இரும்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. பெயிண்ட் அடித்த சட்டத்தின் மேல் அதை மாட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த வரிசையில் ஒருவன் நான். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் சரி. முழு இழுப்பில் ஒரு வின்ச் 400 ஆம்பியர் வரை விழுங்கும். பழைய ஆல்டர்னேட்டர் அதன் பக்கத்தில்கூட வராது. இஞ்சினை ஓடவிட்டு, விட்டு விட்டுத்தான் இழுக்க வேண்டும்.

பெரிய டயர் போட்ட பிறகு வண்டி மூச்சு வாங்குகிறது

இது இஞ்சின் கோளாறு என்று நினைத்து இன்ஜெக்டர் வேலைக்குப் போகாதீர்கள். 225/75 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 744 மி.மீ.; 235/85 ஆர் 16-இன் விட்டம் 806. அதாவது 8 விழுக்காட்டுக்கு மேல் பெரியது. 4.10 விகித டிஃபரன்ஷியல் இப்போது 3.79 போல நடந்துகொள்கிறது. பழைய இழுவிசை வேண்டுமானால் 4.44-க்கு அருகே உள்ள கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலின் விகிதத்தைத் தரும் பல்சக்கர ஜோடி) வேண்டும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 65-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அதனாலும் பிரேக் குறைந்தது போல் தோன்றும். கிரவுன் பினியனை மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 4 ஹையில் போட்டால், லிவர் இறங்காத அந்தப் பழைய பகுதிக்கே மறுபடி போக வேண்டியிருக்கும், இந்தமுறை உடைந்த பல்லோடு.